கண்டவரும் தீர்த்தவரும்: பத்திரிகாசிரியர் பிராங்க் மொரேஸ்

அரபு இலக்கணம் பயிலப் புகும் மாணவனுக்கு முதற் சில நாள்களிலேயே முப்ததா, கபர் என்னும் இரு சொற்கள் அறிமுகமாகின்றன. முன்னது எழுவாய், பின்னது பயனிலை. கபர் என்பதற்கு நேர்ப்பொருள் செய்தி. எழுவாயை மட்டும் உரைத்து நிறுத்தினால் கேட்பவன் எதிர்பார்த்து நிற்பான். அதனைப் பற்றி அவன் அறியாத ஒன்றைக் கூறும்போதுதான் வாக்கியம் முற்றுப்பெறுகிறது என்பது இப்பெயரில் அடங்கிய நுட்பம். அச்சொல்லின் பன்மையாகிய அக்பார் என்பதே உருதுவில் செய்தித்தாளுக்குப் பெயராகி, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தேநீர்க் கடைகளில் இன்றும் வழங்குகிறது. இலக்கண வகுப்பைக் கடந்து ஹதீஸ் கலைக்குள் நுழையும் மாணவனுக்கு வேறு கேள்விகள் கற்பிக்கப்படுகின்றன. இச்செய்தியைக் கொணர்ந்தவர் யார்? தாமே கண்டாரா, கண்டவரிடம் கேட்டாரா, கேட்டவரிடம் கேட்டாரா? அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையன? இக்கேள்விகளுக்காகவே அறிவிப்பாளர்தம் வரலாறுகளை ஒரு தனிக்கலையாக வளர்த்தனர் நம் முன்னோர். காலைதோறும் வாயிலில் வந்து விழும் செய்தித்தாளின் ஆசிரியரை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பவர் அரியர். இந்திய ஆங்கிலப் பத்திரிகை உலகில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் பேரிதழ்களின் ஆசிரியராக வீற்றிருந்தவரும், அதற்கு முன் போர்முனைச் செய்தியாளராகத் திரிந்தவருமான பிராங்க் மொரேஸை அவ்வாறு அளந்து பார்க்க இங்கே முற்படுகிறோம்.

இன்றைய வாசகர்க்கு அப்பெயர் அயலாக ஒலிக்கலாம். அவர் 1907-ல் பம்பாயில் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றார். லண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். வழக்கறிஞர் தொழில் அவரை ஈர்க்கவில்லை. 1930-களின் பிற்பகுதியில் டைம்ஸ் ஆப் இந்தியாவில் சேர்ந்தார். 1942 முதல் 1945 வரை பர்மாவிலும் சீனத்திலும் அவ்விதழின் போர்ச் செய்தியாளர். 1946 முதல் 1949 வரை கொழும்பில் டைம்ஸ் ஆப் சிலோன் ஆசிரியர். பம்பாய் திரும்பிச் சிறிது காலம் நேஷனல் ஸ்டாண்டர்டு. பின்னர் 1950-ல், 1838-ல் தோன்றி நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலேயரையே ஆசிரியராகக் கொண்டிருந்த டைம்ஸ் ஆப் இந்தியாவின் முதல் இந்திய ஆசிரியர். 1957-ல் இராம்நாத் கோயங்காவின் இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமத்திற்குத் தலைமை ஆசிரியராகி, 1970-களின் தொடக்கம் வரை அப்பொறுப்பில் இருந்தார். 1974-ல் லண்டனில் மறைந்தார். இவ்வளவும் பதவிகளின் பட்டியல். இதில் மனிதர் இன்னும் தென்படவில்லை.

அவர் போர்முனைக்குச் சென்ற காலத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். போர் என்பது நம் பகுதிக்கு எந்நாளும் தொலைதூரச் செய்தியாக இருந்ததில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர் காலணிகளின் மேற்பகுதிக்கென, ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்து மாட்டுத்தோலை அரசே மொத்தமாகக் கைக்கொண்டது. தோல் மண்டியில் விலை ஏறியும் இறங்கியும் போர் தன்னை அறிவித்துக்கொண்டது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை, படைக்கு ஆள் அனுப்பிய வீடுகளின் மிகுதியால், இராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைத்தனர். இரண்டாம் போரில் இரங்கூன் வீழ்ந்தபோது, அங்கே கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ ஒரே இரவில் ஏதுமற்றவை ஆயின. ஆகவே பர்மாவிலிருந்து ஓர் இந்தியர் எழுதி அனுப்பும் செய்திக்கு அன்று இருந்த எடை மிகப் பெரிது. அதுவரை அத்தகைய செய்திகளைப் பெரும்பாலும் வெள்ளையர் கண்களே கண்டு, வெள்ளையர் கைகளே எழுதின.

எனினும் அந்த எடையில் கழிக்க வேண்டியதும் உண்டு. அங்கீகாரம் பெற்ற போர்ச் செய்தியாளர் இராணுவ உடை அணிந்தார். இராணுவ வண்டியில் சென்றார். அவர் எழுதிய ஒவ்வொரு தாளும் இராணுவத் தணிக்கையாளரின் மேசையைக் கடந்தே தந்திக்குச் சென்றது. 1944-ல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த பெரும் போர்களில் எதிர்ப்புறத்தே இந்திய தேசிய இராணுவமும் நின்றது. அதில் மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழர் ஏராளம். அப்படை பற்றிய செய்தி போர் முடியும் வரை இந்திய இதழ்களில் பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருந்தது. கண் திறந்திருக்க, வாய் பாதி கட்டப்பட்ட சாட்சி என்றே அக்காலத்துச் செய்தியாளர் எவரையும் கூற வேண்டும். இதற்காக மொரேஸைக் குறை கூறுவது முறையாகாது. ஆனால் அவர் அனுப்பிய செய்தியைப் படிக்கும் நாம், அதில் இல்லாதது எது என்பதையும் சேர்த்துப் படிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இதே பர்மாவில் வேறொரு பத்திரிகாசிரியரும் இருந்தார். அவர் நம் பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தவர் என்பதனால் மட்டும் அவரை இங்கே இழுத்து வரவில்லை. ஒப்புநோக்கு அவரைக் கேட்கிறது. வெங்களத்தூர் சாமிநாத சர்மா, திரு. வி. க.வின் தேசபக்தனிலும் நவசக்தியிலும் பணியாற்றியவர். 1937 முதல் இரங்கூனிலிருந்து ஜோதி என்னும் தமிழ் மாத இதழை நடத்தியவர். 1942-ல் ஜப்பானியர் குண்டுவீச்சுக்குப் பின், துணைவியார் மங்களத்தோடு மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். அவ்வாறு தரைவழி நடந்தவர் நான்கு, ஐந்து இலட்சம் இந்தியர். வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். வெள்ளையர்க்கு ஒரு பாதை, இந்தியர்க்கு ஒரு பாதை என்ற பாகுபாடு அன்றே நாடெங்கும் குமுறலை எழுப்பிற்று. அந்நடையைச் சர்மா எழுதியது பிற்காலத்தில் எனது பர்மா வழிநடைப் பயணம் என்னும் நூலாயிற்று. அவருக்கு அடையாளச் சின்னம் இல்லை, தணிக்கையும் இல்லை. மூட்டை மட்டுமே இருந்தது. போர்க்களத்தின் வரைபடத்தை அவர் அறியார். மறுநாள் சோற்றுக்கும் நீருக்கும் வழி என்ன என்பதே அவர் அறிய வேண்டியிருந்தது. மொரேஸிடம் போரின் அளவு கிடைக்கிறது. சர்மாவிடம் போரின் கனம் கிடைக்கிறது. பேரிதழ்களின் ஆசனத்திற்கு வழி முன்னவருக்கே திறந்தது. ஆங்கிலத்தில் எழுதியவர் தேசிய ஆசிரியரானார். தமிழில் எழுதியவர் தமிழறிஞராகவே நின்றார். இதனை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. தேசிய என்னும் அடைமொழி நம் நாட்டில் எம்மொழிக்குச் சூட்டப்படுகிறது என்பதை மட்டும் குறித்து மேலே செல்கிறோம்.

கொழும்பு ஆண்டுகளைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. டைம்ஸ் ஆப் சிலோன் ஐரோப்பிய வணிகர், தோட்ட முதலாளிகள் வட்டத்தில் வேரூன்றி வளர்ந்த ஏடு. இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றதும், அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வமிசாவளித் தோட்டத் தொழிலாளர் ஏழு இலட்சம் பேருக்கு மேல் நாடற்றவராக்கியதும், மொரேஸ் அவ்வாசனத்தில் இருந்த காலத்திலேயே நிகழ்ந்தன. போர்முனையில் ஆயிரம் கல் கடந்து சென்று காண வேண்டியிருந்தது. இங்கே தேயிலை மலை தலைநகரிலிருந்து ஒரு நாள் ரயில் பயணத்தில் இருந்தது. தமிழ் வாசகன் மொரேஸின் வரலாற்றில் முதலில் தேடுவது இந்த மூன்றாண்டுகளையே. உலகம் அவரை நினைவுகூர்வதோ வேறு நூல்களால்.

அவற்றுள் தலையாயது, 1953-ல் வெளிவந்த மாவோவின் சீனத்தைப் பற்றிய அறிக்கை. 1952-ல் விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சீனம் சென்ற பண்பாட்டுத் தூதுக்குழுவில் மொரேஸும் ஒருவர். நட்பு வெள்ளம் கரைபுரண்ட காலம் அது. சென்று திரும்பியவர் பலர் கண்ட அணைக்கட்டுகளையும் கேட்ட வாழ்த்தொலிகளையும் வியந்து எழுதினர். மொரேஸின் கையில் அவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் சியாங் கை ஷேக்கின் சீனத்தைச் செய்தியாளராகக் கண்டவர் அவர். ஊழலும் பட்டினியும் மலிந்த அந்தச் சீனத்தை அறிந்திருந்ததால், புதிய ஆட்சி கொணர்ந்த ஒழுங்கை அவர் மறுக்கவில்லை. அவ்வொழுங்குக்கு மனிதனின் சிந்தனை விலையாகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் மறைக்கவில்லை. இவர்கள் நிலச்சீர்திருத்தம் நாடும் தேசியவாதிகள் என்று இந்தியாவில் பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, இவர்கள் முதலில் கம்யூனிஸ்டுகள் என்று எழுதினார். 1954-ல் பஞ்சசீல உடன்பாடு; 1959-ல் திபெத்துக் கிளர்ச்சி, தலாய் லாமாவின் வருகை; 1962 அக்டோபரில் எல்லைப் போர். பத்தாண்டுக்குள் அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று.

இங்கேதான் திறனாய்வாளன் சற்று நிதானிக்க வேண்டும். இரு சீனங்களையும் கண்டவர் மொரேஸ் ஒருவரே அல்லர். சர்தார் கே. எம். பணிக்கர் சியாங்கின் ஆட்சிக்கும் தூதர், மாவோவின் ஆட்சிக்கும் தூதர். அவர் 1955-ல் வெளியிட்ட நினைவுக்குறிப்பின் தலைப்பே இரு சீனங்களைக் குறிப்பது. வரலாற்றுப் புலமையில் அவர் மொரேஸுக்கு மேற்பட்டவர். சீனத்தில் வாழ்ந்த காலத்தாலும் மிக்கவர். அவர் கண்ட சீனமோ நம்பிக்கைக்குரிய புதிய ஆசியா. கண்டவர் இருவர், காட்சி ஒன்று, சாட்சியம் இரண்டு. அப்படியானால் கண்ணால் காண்பது போதாதா? போதாது என்றே நம் ஃபிக்ஹு நூலோர் நெடுங்காலமாகக் கூறி வந்திருக்கின்றனர். தன் சாட்சியத்தால் தனக்கே பயன் விளையும் நிலையில் உள்ளவன் கூறுவதை நீதிபதி ஏற்பதில்லை. அவன் பொய்யன் என்பதற்காக அன்று, அவன் நிற்கும் இடம் அவன் பார்வையைச் சாய்க்கும் என்பதற்காக. நட்பை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட தூதர் நட்புக்குரியதையே அதிகம் கண்டது இயல்பு. மொரேஸுக்கும் கம்யூனிசத்தின்பால் வெறுப்பு என்னும் சாய்வு இருந்தது. அதையும் கழித்தே அவர் நூலைப் படிக்க வேண்டும். ஆனால் அவ்வுண்மையைச் சொன்னதால் அவருக்கு விளைந்த ஆதாயம் ஏதுமில்லை. விருந்தாளியாகச் சென்று, தம் நாட்டுப் பிரதமரின் கொள்கைக்கே மாறாக எழுதினார். தனக்கு எதிராகத் திரும்பக்கூடிய சொல்லை ஒருவன் துணிந்து சொல்லும்போது அச்சொல்லின் எடை கூடுகிறது.

போர்ச் செய்தியாளர் நான் கண்டேன் என எழுதுகிறார். தலையங்கம் எழுதும் ஆசிரியரோ நாம் என எழுதுகிறார். (இக்கட்டுரையிலும் நாம் அச்சொல்லையே ஆளுகிறோம், மரபு அப்படி.) அந்த நான் பொய்த்தால் அதைச் சொன்னவனைப் பிடித்துக் கேட்கலாம். நாம் என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? ஆசிரியர் மட்டுமா, உதவியாசிரியர்களும் சேர்ந்தா, விளம்பரதாரரும் முதலாளியுமா? மொரேஸ் தம் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் இந்த நாமுக்குள் கழித்தார். நீதிபதி தாம் நேரில் அறிந்ததைக் கொண்டே தீர்ப்புக் கூறலாமா என்பதில் ஃபிக்ஹு வல்லுநரிடையே பெரும் கருத்து வேறுபாடு உண்டு. கூடாது என்போர் கூறும் காரணம் ஆழமானது: சாட்சியும் நீதிபதியும் ஒருவரே ஆனால் குறுக்கு விசாரணை செய்பவர் எவருமில்லை. பத்திரிகாசிரியரின் இக்கட்டும் அதுவே. அவர் ஏட்டில் அவரைக் குறுக்கிட்டுக் கேட்போர் இல்லை. மொரேஸிடத்தில் இவ்விக்கட்டு வேறொரு வடிவம் கொள்கிறது. கண்டதைக் கொண்டு அவர் தீர்த்த இடங்களில் அவருக்கு இணையானவர் குறைவு. காணாதவற்றுக்கும் அதே குரலில் தீர்ப்புக் கூறத் தொடங்கியபோது, கண்டவர் என்ற பெயர் முன்சென்று அத்தீர்ப்புகளுக்கு நம்பிக்கை தேடித் தந்தது. வாசகனுக்கோ எது கண்டது, எது கருதியது எனப் பிரித்தறியும் வழி இல்லாமற் போயிற்று. ஹதீஸ் கலையில் இதற்கு அண்டையிலுள்ள குறை ஒன்றுக்குத் தத்லீஸ் என்று பெயர்: நேரில் கேளாததை, நேரில் கேட்டது போன்ற தோற்றம் தரும் சொல்லால் அறிவித்தல். அக்குறையை மொரேஸ்மீது சுமத்துவதற்கில்லை. தலையங்கம் என்னும் வடிவமே அதற்கு இடம் கொடுக்கிறது என்பதே நம் கருத்து.

அவருடைய பிற நூல்களில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. 1956-ல் வந்த நேரு வாழ்க்கை வரலாறு நல்ல நூல். நேருவின் கடிதங்களும் கோப்புகளும் எட்டாத காலத்தில், அவர் ஆட்சியில் இருக்கும்போதே எழுதப்பட்டது; பின்னர் அவற்றைத் துணைக்கொண்டு சர்வபள்ளி கோபால் எழுதிய மூன்று தொகுதிகளோடு ஆராய்ச்சியில் அது போட்டியிட முடியாது. ஆயினும் நேருவை அருகிருந்து நோக்கிய பத்திரிகையாளரின் கூர்மை அதில் உண்டு. அடுத்த ஆண்டே பம்பாய்ப் பெருவணிகர் சர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸின் வரலாற்றையும் எழுதினார். சோஷலிசம் பேசிய பிரதமர், முதலாளி உலகின் மூத்தவர் என இருவரையும் ஒரே பேனா அடுத்தடுத்து எழுதியதைப் பரந்த மனம் என்பதா, பேரிதழ் ஆசிரியரின் சமூக வாழ்வு என்பதா? இரண்டுமே என்று விடுவோம். 1960-ல் வந்த திபெத்துக் கிளர்ச்சி பற்றிய நூல் அனுதாபத்தால் நிறைந்தது. அந்த அனுதாபம் நியாயமானது. ஆனால் அன்று திபெத்துக்குள் தடையின்றிச் சென்று காணச் செய்தியாளர்க்கு வழி இருக்கவில்லை. சீன நூலில் வாக்கியந்தோறும் கேட்கும் காலடி ஓசை இதில் கேட்பதில்லை. 1965-ல் வெளியான ஆப்பிரிக்க நூல் மீண்டும் பயணத்தில் பிறந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளை ஓர் ஆசியரின் கண்கொண்டு பார்த்த முயற்சி என்ற அளவில் அது இன்றும் புரட்டத் தக்கது.

இறுதி நூல் 1973-ல் வந்தது. அதன் தலைப்பு தம்மை ஒரு யுகத்தின் சாட்சி என்று அறிவிக்கிறது. துணைத்தலைப்பு அச்சாட்சியம் 1920-லிருந்து தொடங்குவதாகக் கூறுகிறது. 1920-ல் மொரேஸுக்கு வயது பன்னிரண்டு, ஆண்டின் கடைசியில் பதின்மூன்று. ஒத்துழையாமை இயக்கத்தைச் சிறுவன் ஒருவன் தெருவில் கண்டிருக்கலாம். காந்தியடிகளையும் ஜின்னாவையும் அவர்களின் காலத்தையும் எடைபோடும் சாட்சியம் அதுவன்று. கற்றும் கேட்டும் அறிந்தவற்றையெல்லாம் சாட்சி என்ற ஒரே குடையின்கீழ் கொணர்ந்ததில்தான் நாம் மேலே கூறிய மயக்கம் அட்டையிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. தோலைத் தரம் பிரிக்கும் கைதேர்ந்தவர் மேற்புறத்தின் பளபளப்பை மட்டும் பார்ப்பதில்லை. புரட்டிச் சதைப்புறத்தையும் தடவிப் பார்ப்பார். அந்நூலை அவ்வாறு புரட்டினால், தாம் கலந்து பழகிய மனிதர்களைப் பற்றிய பக்கங்கள் கையில் உறுதியாக நிற்கின்றன. பொது வரலாறு கூறும் பக்கங்கள் நெகிழ்கின்றன.

அவர் இல்லத்தைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய ஒரே மகன் டாம் மொரேஸ் ஆங்கிலக் கவிஞர்; 1958-ல், இருபது வயதிலேயே, இங்கிலாந்தின் ஹாதோர்ண்டன் பரிசு பெற்றவர். தந்தையின் நெடிய பயணங்களையும் தாயின் மனநோயையும் பற்றி அவர் தம் இளமை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தந்தையின் நூல்கள் பேசாத பகுதியை மகனின் நூல் பேசுகிறது. பின்னர் மகனும் அல்ஜீரியா, இஸ்ரேல், வியட்நாம் எனப் போர்முனைகளுக்குச் செய்தியாளராகச் சென்றார். தந்தையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் மகனையும் படித்தல் நலம். குடும்பத்துக்குள்ளேயே ஒரு குறுக்கு விசாரணை அங்கே நடக்கிறது.

இந்தியன் எக்ஸ்பிரஸ் 1932-ல் சென்னையில் தோன்றிய ஏடு என்பதால் நமக்கு அயலதன்று. மொரேஸ் அங்கு எழுதிய காலத்தில் நேருவின் வெளிநாட்டுக் கொள்கையையும், கிருஷ்ண மேனனையும், அரசே அனைத்தையும் நடத்தும் பொருளாதாரத்தையும் விடாது கண்டித்தார். முதலாளியின் மனமும் ஆசிரியரின் மனமும் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஆகவே அவருடைய துணிவுக்கு அவ்விடத்தில் கடுஞ்சோதனை வரவில்லை என்போர் உளர். அவர் மறைந்து ஓராண்டில், 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அவ்வேடு தலையங்கத்துக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு வெளிவந்தது. மொரேஸுக்குப் பின் அமர்ந்த முல்கவோக்கர் விலக நேர்ந்தது, தமிழரான வி. கே. நரசிம்மன் அப்பொறுப்பை ஏற்று நின்றார். 1942-ல் போர்முனைத் தணிக்கையாளரிடம் தாளை நீட்டிய மொரேஸ், 1975-ல் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருடைய அன்பர்கள் பேசுவதுண்டு. நடவாததற்குச் சாட்சியும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

மொரேஸை இனிப் படிக்க விழையும் இளைஞர்க்கு ஒன்று கூறலாம். கடைசி நூலிலிருந்து தொடங்க வேண்டா. மாவோவின் சீனத்திலிருந்து தொடங்குக. அதனருகே பணிக்கரின் இரு சீனங்களை வைத்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி மாற்றிப் படிக்கலாம். அடுத்து நேரு வரலாறு. பர்மாவைப் பற்றி அறிய வேண்டின் மொரேஸிடம் செல்லும் முன் சாமிநாத சர்மாவிடம் செல்க. அந்நூல் தமிழில் உள்ளது.